மூட்டை தூக்காத எலிக்கு ஏன் ஜவ்வு கெடுகிறது?

சென்னிமலைப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போடுகிறவர் என் பெரியப்பா. குறுக்கு வலி தாங்காமல் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வந்தவர், அந்தப் படத்தை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "மூட்டை தூக்கித் தூக்கி ஜவ்வு தேய்ந்துவிட்டதாம் கண்ணு. இனிமேல் குனியவே கூடாதாம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒன்று சொல்லியிருக்கிறார், எதிர்வீட்டுக்காரர் இன்னொன்று. மருத்துவர் சொன்னது இரண்டுக்கும் நடுவில் காணாமல் போய்விட்டது.

படத்தில் முதுகெலும்பு பக்கவாட்டில் தெரிந்தது. சதுரக் கட்டைகளை அடுக்கியதுபோல எலும்புகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு பட்டை. மேலே இருந்த பட்டைகளின் நடுவில் வெளுப்பாக ஒரு புள்ளி. கீழே இரண்டு பட்டைகள் மட்டும் நடுவிலும் கறுத்து, சற்றுச் சப்பையாக இருந்தன. அந்தக் கறுப்பைத்தான் 'தேய்மானம்' என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தறிக்குழியில் உட்கார்ந்து நெய்தவர், லாரி ஓட்டியவர், தேங்காய் மூட்டை சுமந்தவர் என்று நம் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு இந்தப் பேச்சு உண்டு. தேய்மானம் என்ற சொல்தான் எல்லோரையும் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. செருப்பு தேய்வதுபோல, பேரிங் தேய்வதுபோல நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. அதைக் காட்டித் தருவதற்கு ஆப்பிரிக்கப் பாலைவனத்து எலி ஒன்று இருக்கிறது. அது மூட்டை தூக்கியதில்லை, இரண்டு காலில் நிமிர்ந்து நடந்ததுமில்லை. ஆனாலும் வயதானால் அதன் முதுகிலும் இதேபோல ஜவ்வு கெடுகிறது.

டயரும் டியூபும்

நாம் ஜவ்வு என்றும் சவ்வு என்றும் சொல்வதன் பெயர் டிஸ்க். முதுகுத்தண்டின் எலும்புகளை முள்ளெலும்புகள் என்பார்கள். அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டுதான் டிஸ்க். மனிதருக்கு 23 டிஸ்க்குகள். முதுகுத்தண்டின் நீளத்தில் சுமார் நாலில் ஒரு பங்கு இவற்றால் ஆனது.

பழைய லாரி டயர் ஒன்றை அறுத்துப் பார்த்தவர்களுக்கு டிஸ்க்கின் அமைப்பு உடனே விளங்கும். டயரின் ரப்பருக்குள் நூல் அடுக்குகள் குறுக்குமறுக்காக ஓடும். டிஸ்க்கின் வெளிச்சுவரும் அப்படித்தான்: கொலாஜன் என்ற உறுதியான புரத நாரால் ஆன 15 முதல் 25 அடுக்குகள், ஓர் அடுக்கு வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது இடப்பக்கம் சாயும். இதற்கு நார்வளையம் என்று பெயர். உள்ளே டியூப் இருக்க வேண்டிய இடத்தில் நுங்குபோல வழவழப்பான கூழ். இது நடுக்கூழ். டியூபில் காற்று செய்யும் வேலையை இங்கே தண்ணீர் செய்கிறது. இளம் வயதில் நடுக்கூழின் எடையில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான்.

காற்று இறங்கிய டயரில் பாரம் ஏற்றி ஓட்டினால் என்ன ஆகும் என்று நாமக்கல் டிரைவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். டயரின் தரை படும் பாகம் புத்தம் புதிதாக இருந்தாலும் பக்கச்சுவர் மடிந்து மடிந்து வெடித்துவிடும். டிஸ்க் கெடும் விதமும் இதுதான். நடுக்கூழின் உள் அழுத்தம் முதலில் குறைகிறது. அது தாங்கிய பாரம் நார்வளையத்தின்மேல் விழுகிறது. அந்தச் சுவர் பிதுங்குகிறது, விரிசல் விடுகிறது. விரிசல் வழியாகக் கூழ் வெளியே தள்ளிக்கொண்டு வந்து நரம்பில் பட்டால் காலுக்கு இறங்கும் அந்தக் கொடுமையான வலி. 'ஜவ்வு விலகிவிட்டது' என்பார்களே, அது இதுதான். டிஸ்க் முழுதாக எங்கேயும் விலகிப் போவதில்லை. அதன் நார்கள் மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிணைந்திருக்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: டிஸ்க் என்பது நார்ச் சுவருக்குள் அடைபட்ட நீர்க்கூழ். கெடுதல் பெரும்பாலும் உள்ளிருக்கும் நீர் குறைவதில் தொடங்குகிறது.

தண்ணீரைப் பிடித்து வைப்பது எது?

உடம்பின் பாதிப் பாரத்தைச் சுமக்கும் ஒரு பொருளிலிருந்து தண்ணீர் பிழிந்து வெளியேறிவிடாதா? வெளியேறுகிறது. காலையில் எழுந்ததும் உங்கள் உயரத்தை அளந்து, இரவு படுக்கப் போகும்போது மறுபடியும் அளந்தால், ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருக்கலாம். பகல் முழுதும் டிஸ்க்குகளிலிருந்து கொஞ்சம் நீர் பிழியப்படுகிறது. படுத்ததும் பாரம் குறைகிறது, போன நீர் திரும்ப ஊறிவிடுகிறது.

அப்படித் திரும்ப இழுக்கும் பொருள் எது என்பதுதான் கேள்வி. பொள்ளாச்சியிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் தென்னை நார்க்கழிவுக் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல்போல இறுகிக் கிடக்கும் கட்டியின்மேல் தண்ணீர் ஊற்றினால் பொங்கிப் பொங்கித் தொட்டியே நிறைந்துவிடும். நடுக்கூழுக்குள் அதற்கு ஒப்பான வேலை செய்வது அக்ரிகான் என்ற பெரிய மூலக்கூறு. பாட்டில் கழுவும் பிரஷ்போல நடுவில் ஒரு தண்டு, சுற்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சர்க்கரை இழைகள். இழுக்கும் முறையில் மட்டும் நார்க்கழிவுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. நார்க்கழிவு தன் நுண்துளைகளில் தண்ணீரை உறிஞ்சுகிறது. அக்ரிகான் இழைகளில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது, அது உப்பு அயனிகளைப் பிடித்து வைக்கிறது, உப்பு இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வருகிறது. ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காயில் நீர் விடுவதும் உப்பு தண்ணீரை இழுப்பதால்தான்.

அக்ரிகான் என்றென்றைக்கும் இருப்பதில்லை, சிதைந்துகொண்டே இருக்கும். நடுக்கூழில் ஆங்காங்கே இருக்கும் செல்கள் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். செய்வது குறைந்து சிதைவது கூடினால் டிஸ்க் வறளும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் டிஸ்க் ஊறிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை, பிடித்து வைக்கும் பொருளுக்குத்தான் பஞ்சம். நார்க்கழிவு இல்லாத காலித் தொட்டியின் ஓட்டை வழியே எவ்வளவு ஊற்றினாலும் ஓடிவிடும்.

வாய்க்கால் ஓரத்துக் கிணறு

அந்தச் செல்கள் ஏன் வேலையைக் குறைக்கின்றன? பெரியப்பாவின் கிணற்றையே சொல்லி அவருக்கு விளக்கினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது கீழ்பவானி வாய்க்கால், மண் வாய்க்கால். பெரியப்பாவின் கிணற்றுக்கு அதிலிருந்து மடையும் கிடையாது, குழாயும் கிடையாது. ஆனாலும் ஆகஸ்டில் தண்ணீர் திறந்தால் சில வாரத்தில் கிணற்றுப் படிகள் ஒவ்வொன்றாக முழுகும். எல்லாம் கசிவு நீர். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டத்தை விவசாயிகள் பலர் எதிர்ப்பதற்குக் காரணமும் அந்தக் கசிவுதான். கடைமடைக்காரர்களின் நியாயம் வேறு. அந்த வழக்கைத் தீர்க்க நான் வரவில்லை. கரையை அடைத்தால் கசிவு நிற்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்தவரின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது. வெளிச்சுவரின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உண்டு. ரத்தம் மேலும் கீழும் உள்ள எலும்புக்குள் ஓடுகிறது. எலும்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு மெல்லிய குருத்தெலும்புத் தகடு இருக்கிறது, அதன் பெயர் முனைத்தட்டு. சர்க்கரையும் ஆக்சிஜனும் அந்தத் தகட்டின் வழியே கசிந்துதான் உள்ளே வர வேண்டும். இடுப்புப் பக்கத்து டிஸ்க்கின் நடுவில் இருக்கும் ஒரு செல்லுக்கும் மிக அருகிலுள்ள ரத்தக் குழாய்க்கும் இடையே 6 முதல் 8 மில்லிமீட்டர் தூரம். நமக்கு நகக்கண் அளவு, ஒரு செல்லுக்கோ நெடுந்தூரம். தோலிலும் தசையிலும் உள்ள செல்களுக்கு ரத்தக் குழாய் வாசலிலேயே நிற்கிறது.

வயது ஏற ஏற அந்த முனைத்தட்டில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்படலாம். மண் கரைக்குக் கான்கிரீட் போட்டதுபோல ஆகிவிடுகிறது. உள்ளே வரும் உணவு குறைகிறது. அதைவிடக் கெடுதல், உள்ளே உண்டாகும் கழிவு வெளியேறாமல் தேங்குகிறது. ஆக்சிஜன் போதாத நிலையில் பிழைக்கும் இந்தச் செல்கள் லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. வடிகால் இல்லாத காட்டில் உவர் ஏறுவதுபோல அமிலம் ஏறுகிறது. செல்கள் சோர்கின்றன, சில சாகின்றன. அக்ரிகான் செய்ய ஆள் குறைகிறது.

ஆக, வரிசை இப்படி ஓடுகிறது: கசிவு குறைகிறது, செல்கள் நலிகின்றன, அக்ரிகான் குறைகிறது, நீர் இறங்குகிறது, சுவர் பாரம் ஏற்று விரிகிறது. இந்த முழுத் தொடருக்கும் டிஸ்க் சிதைவு என்று பெயர். எல்லோருக்கும் முதல் கண்ணி ஒன்றே என்று சொல்ல முடியாது. சிலருக்கு அடிபட்டதில் தொடங்கும், சிலருக்குப் பிறவியிலேயே நார் வலு குறைவாக இருக்கும். ஒரு கண்ணி அறுந்தால் மற்றவையும் அறுபடும் என்பது பொது.

உப்புச் செடி தின்னும் எலி

இப்போது எலிக்கு வருவோம். அறுவடை முடிந்த நிலக்கடலைக் காட்டில் வரப்போரம் வளை தோண்டும் வெள்ளெலியை நம் பக்கத்தில் தெரியாதவர் குறைவு. அதன் தூரத்து உறவுக்காரன் கொழுத்த மணல் எலி. விஞ்ஞானிகள் வைத்த பெயர் சாமோமிஸ் ஒபீசஸ். அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து தொடங்கி அரேபியா வரை பாலை நிலத்தில் வாழ்கிறது. வெள்ளெலி இரவில் திரியும், இது பகலில் மேயும்.

அதன் சாப்பாடுதான் வியப்பு. நீர்ச்சத்தும் உப்பும் நிறைந்த, சக்தி குறைந்த உப்புப் புதரின் இலைகளைத் தின்று வாழ்கிறது. தனியாகத் தண்ணீர் குடிப்பதில்லை, இலையின் ஈரமே போதும். இலையை முன்னங்கால்களில் பிடித்துக்கொண்டு, உப்பு படிந்த மேல்தோலைப் பல்லால் சுரண்டித் தள்ளிவிட்டு உள்ளே இருப்பதைத் தின்னும். மீறி உள்ளே போகும் உப்பை அதன் சிறுநீரகம் செறிவான சிறுநீராக வெளியேற்றுகிறது.

1960-களில் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் பாலைவன உயிரினங்களை ஆராய்ந்துகொண்டிருந்த நட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய குழுவினரும் இந்த எலிகளை வளர்த்தார்கள். எல்லா ஆய்வக எலிகளுக்கும் போடும் தானியத் தீவனத்தைத்தான் இவற்றுக்கும் போட்டார்கள். சாதாரண எலிக்கு ஒன்றும் செய்யாத அந்தத் தீவனம் மணல் எலிக்கு நஞ்சாக முடிந்தது. பல எலிகள் கொழுத்தன, நீரிழிவு வந்தது, கண்ணில் புரை விழுந்தது. 1964-ல் இதை அவர்கள் எழுதி வெளியிட்டார்கள். அதன் பிறகு நீரிழிவு ஆய்வில் இந்த எலி பெயர் பெற்றது. கம்பும் சோளமும் களியும் தின்று வளர்ந்த உடம்புக்கு மூன்று வேளையும் வெள்ளை அரிசியும் மைதாவும் என்று மாறியதை நம் வீடுகளிலேயே பார்த்திருப்பதால், இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்தது.

அதன் முதுகில் கண்டது

நீரிழிவுக்காக வளர்த்த எலிகளின் முதுகெலும்பைப் பார்த்தபோது அங்கே வேறொரு கதை இருந்தது. ரூத் சில்பர்பெர்க் குழுவினர் 1979-ல் வயதான மணல் எலிகளின் டிஸ்க் சிதைவை விவரித்தார்கள். டிஸ்க்கின் உயரம் குறைந்திருந்தது. நார்வளையம் கிழிந்திருந்தது. முள்ளெலும்புகளின் விளிம்பில் முளைபோல எலும்பு வளர்ந்திருந்தது. வயதான மனிதரின் எக்ஸ்ரேயில் மருத்துவர்கள் அன்றாடம் காணும் அதே காட்சி. முனைத்தட்டில் சுண்ணாம்பு படிவதையும் பின்னால் வந்த ஆய்வுகள் இந்த எலிகளில் கண்டன.

இதன் அருமை என்னவென்றால், இங்கே யாரும் எதையும் செய்யவில்லை. மற்ற எலிகளில் டிஸ்க் சிதைவை ஆராய வேண்டுமானால் பெரும்பாலும் ஊசியால் குத்தியோ வாலைக் கவ்வி அழுத்தியோ காயப்படுத்த வேண்டியிருக்கிறது. காயத்தால் கெடுவதும் காலத்தால் கெடுவதும் ஒன்றாகாது. மணல் எலிக்கு, நமக்கு நடப்பதுபோலவே, வயதோடு தானாக வருகிறது. அதன் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுகள் என்பதால், மனிதரில் பல பத்தாண்டுகள் ஆகும் மாற்றத்தைச் சில மாதங்களில் பார்த்துவிடலாம்.

1992-ல் வந்த ஓர் ஆய்வு இளம் எலி, முதிய எலி, நீரிழிவு வந்த இளம் எலி என்று மூன்று வகையின் டிஸ்க்குகளை ஒப்பிட்டது. நீரிழிவு வந்த இளம் எலியின் டிஸ்க், நீர் குறைந்து, முதிய எலியின் டிஸ்க்கைப் போலவே இருந்தது. இதை வைத்து நீரிழிவுதான் காரணம் என்று முடித்துவிடக் கூடாது. நீரிழிவு இல்லாத எலிகளுக்கும் வயதானால் டிஸ்க் கெடுகிறது. உடம்பின் உள்நிலை டிஸ்க்கைத் தொடுகிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

பாலைவன வெயிலில் டிஸ்க் காய்கிறதோ என்றும் நினைக்க வேண்டாம். இந்த எலிகள் ஆய்வகக் கூண்டில் பிறந்து நிழலில் வளர்ந்தவை.

நான்கு காலில் நடப்பதற்கு எங்கிருந்து பாரம்?

"மனிதன் நிமிர்ந்து நின்றதற்குக் கொடுக்கும் விலைதான் முதுகு வலி" என்று அடிக்கடி கேட்கிறோம். மணல் எலி அந்தப் பேச்சை ஒப்புக்கொள்ளவில்லை. படுக்கைவாட்டில் இருக்கும் முதுகெலும்புக்குப் பாரமே இல்லை என்று நினைப்பதுதான் பிழை.

கட்டட வேலையில் செங்கல் எடுத்துக் கொடுப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஐந்தாறு கல்லை வரிசையாக வைத்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் இறுக்கி, அப்படியே படுக்கைவாட்டில் தூக்குவார்கள். நடுக்கல் விழாமல் நிற்பது பக்கத்து இறுக்கத்தால்தான். நான்கு கால் பிராணியின் முதுகெலும்பும் அப்படித்தான் நிற்கிறது. தசைகளும் தசைநார்களும் இரண்டு முனையிலிருந்தும் இறுக்கிப் பிடிக்கின்றன. அந்த இறுக்கம் டிஸ்க்கின்மேல் ஓயாமல் விழுகிறது. காங்கேயம் காளையின் முதுகுக்கும் இதே விதிதான். கட்டைக்கால் நாய் வகையான டாஷ்ஹண்டுக்கு இளம் வயதிலேயே டிஸ்க் கெட்டு நடை போய்விடுவதும் உண்டு.

அப்படியானால் மூட்டைக்குப் பங்கே இல்லையா?

உண்டு, ஆனால் நாம் கொடுத்துவைத்திருக்கும் அளவுக்கு இல்லை. பின்லாந்தில் 115 ஜோடி ஒற்றைக்கரு இரட்டைச் சகோதரர்களை எம்.ஆர்.ஐ. எடுத்து ஆராய்ந்து 1995-ல் வெளியிட்டார்கள். மரபில் இருவரும் அச்சு அசல், தொழிலில் வேறுபட்டவர்கள். ஒருவர் பாரம் சுமக்கும் வேலை செய்தும் மற்றவர் செய்யாமலும் இருந்தால் டிஸ்க்கில் பெரிய வேறுபாடு தெரிய வேண்டும். தெரிந்தது மிகச் சிறியது. மரபும் ஒரே வீட்டில் வளர்ந்த சூழலும் சேர்ந்துதான் பெரும் பங்கு வகித்தன. புகைபிடிப்பது டிஸ்க்குக்குக் கெடுதல் என்பதும் வேறோர் இரட்டையர் ஆய்வில் தெரியவந்தது. கசிவை நம்பி வாழும் உறுப்புக்கு ரத்த ஓட்டத்தைக் கெடுப்பது எதுவும் பகைதான்.

இதைச் சொன்னபோது பெரியப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். நாற்பது வருட உழைப்பு தன் முதுகைக் கெடுத்துவிட்டது என்று ஒரு குற்றவுணர்வு அவருக்குள் இருந்திருக்கிறது. உழைத்தவரிடம் 'உன் உழைப்பே உன்னைக் கெடுத்தது' என்று பாதி உண்மையைச் சொல்லிப் படுக்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

படத்தில் கறுப்பு, உடம்பில் வலி

எம்.ஆர்.ஐ.யில் பெரியப்பா காட்டிய வகைப் படத்தில் தண்ணீர் வெளுப்பாகத் தெரியும். டிஸ்க் கறுத்தால் நீர் குறைந்திருக்கிறது என்று பொருள். வலியின் அளவு அந்தப் படத்தில் இல்லை. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் சிதைவு இருந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். தலைநரைக்கு யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை. வலியில்லாத கறுப்பு டிஸ்க்கும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான்.

எலி இங்கே நமக்கு உதவாது. அதன் டிஸ்க்கைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கலாம், எங்கே வலிக்கிறது என்று கேட்க முடியாது. அதன் டிஸ்க் கடுகளவு, நம்முடையது பல மடங்கு பெரிது. கசிவு கடக்க வேண்டிய தூரம் அங்கே மிகக் குறைவு. மணல் எலியின் டிஸ்க்கில் செல்களைத் திரும்பச் செலுத்திப் பார்த்த ஆய்வுகள் 2002-லேயே வந்துவிட்டன. எலியின் சிறு டிஸ்க்கில் பிழைக்கும் செல், நம் டிஸ்க்கின் நடுவில் பட்டினி கிடக்க நேரலாம். 'எலியில் வெற்றி' என்று செய்தி வந்தவுடன் ஜவ்வுக்கு ஊசி போட ஓட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

பெரியப்பாவுக்கு மருத்துவர் உண்மையில் எழுதிக் கொடுத்திருந்தது வலி மாத்திரையும், நடையும், பிசியோதெரபியும். குனியவே கூடாது என்று சீட்டில் எங்கும் இல்லை. பெரும்பாலான குறுக்கு வலி சில வாரங்களில் தணிகிறது. பிதுங்கிய கூழும் பலருக்குத் தானாகவே சுருங்குகிறது. ஆனால் கால் வலுவிழந்து பாதம் தரையில் இழுபட்டாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கிலும் உட்காரும் இடத்திலும் மரத்துப்போனாலோ, எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், ஒத்தடம் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.